உசிலை வண்டின் பாரம்

உசிலங்குறிச்சிக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், வரிசை மாறினால் குற்றவாளி அந்தச் சந்து வழியாகத் தப்பித்துவிடுவான் என்பது சங்கத் தோழர் உத்திராபதியின் வாதம். முதலாவது, ஆடு மேய்ந்த, தேன் எடுத்த, விறகு பொறுக்கிய மேட்டுக்காட்டைத் தரிசு என்று எழுதினார்கள். இரண்டாவது, அந்தத் தரிசுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், இவர்கள் வந்து பார்க்கும்வரை அது அங்கே இல்லாதது போல. மூன்றாவது, வெடி வைத்தார்கள். வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டது. விரிசலைப் பார்க்க வந்த பொறியாளர் உங்கள் ஊர் மண் சரியில்லை என்றார். நான்காவது, சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி எழும்பியது; அதிகாரி வருகிற நாளில் வெள்ளையாகவும் வராத நாளில் சாம்பலாகவும் ஊதக் கற்றுக்கொண்டது. ஐந்தாவது, கிணற்றுத் தண்ணீரில் பால்மேல் போல ஆடை படிந்தது. ஆறாவது, இருமல் வந்தது. ஏழாவது, ஆலை நடத்திய மருத்துவ முகாமில் எல்லா இருமலுக்கும் ஒரே சிவப்பு மருந்தும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எட்டாவது, இருமிச் செத்தவர்களை எல்லாம் இயற்கையாகச் செத்ததாகப் பதிந்தார்கள். ஒன்பதாவது, சாலை மறியல் செய்த சனத்தை அடித்து, உத்திராபதியையும் இன்னும் பலரையும் சிறையில் போட்டார்கள். பத்தாவது, அவர் சிறையில் கிடந்தபோது அவர் மனைவி கொளஞ்சி நகரத்து ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டிச் செத்தாள். ஊரில் தடை உத்தரவு இருப்பதாகச் சொல்லி, உடலை ஊருக்குக் கொண்டுவர விடாமல் நகரத்து மயானத்திலேயே போலீஸ் வேனில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

பதினோராவதாகத்தான் வண்டு விழுந்தது.

உசிலை வண்டு கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். முதுகு பச்சை, தோளில் செம்பு நிறத்தில் ஒரு கோடு. மேட்டுக்காட்டு உசிலை மரத்தின் தளிரைத் தவிர வேறெதையும் தின்னாது. அந்த ஒரு மேட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் சொல்லி, ஒன்றைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். அந்த வண்டு ஒன்று, காலை வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில், சாமிதுரையின் டீக்கடைக் கூரைமேல் செத்து விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் மடாரென்று உடைந்தது. அடியில் இருந்த பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. வண்டு மண்தரையில் ஓர் ஆள் புரண்டு எழுந்தது போன்ற பள்ளத்துக்கு நடுவே மல்லாந்து கிடந்தது. சாமிதுரை அதை இரண்டு விரலால் எடுத்து வெளியே எறியப் பார்த்தான். வரவில்லை. ஒரு கையால் பார்த்தான், இரண்டு கையால் பார்த்தான், கடப்பாரை கொண்டுவந்து நெம்பினான்.

"என்னடா, கல்ல கில்ல முழுங்கிட்டுச் செத்துருச்சா?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"கல்லு ஆலைக்காரங்க முழுங்குறது. இது வேற," என்றான் சாமிதுரை.

பூராசாமியைக் கூப்பிட்டார்கள். தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பாடையின் முன்பக்கம் அவன் தோளில்தான் ஏறும். அவன் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, வண்டைப் பலகையில் உருட்டி ஏற்றி, தோளுக்குத் தூக்கி நிமிர்ந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

"ராயப்பன்," என்றான்.

மற்ற மூவரும் தோளை மாற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். "இடப்பக்கமா சாயிறான் பாரு. குவாரியில இடுப்பு ஒடிஞ்சு, அப்புறம் இருமிச் செத்தவன். போன ஆடியில நாமதானே தூக்குனோம்," என்றான் ஒருவன்.

இதில் ஆச்சரியப்பட யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. சுமந்தவன் தோள் பாரத்தை மறக்காது என்பது அந்த ஊருக்குத் தெரிந்த விஷயம். புழுதி தின்று செத்தவனின் பாரம் புழுதி தின்று செத்த வண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அது வேறு எங்கே போகும் என்றுதான் கேட்டார்கள். அடுத்த கேள்வி, தூக்கியதை எங்கே கொண்டுபோவது என்பது. தூக்கிய பாரத்தை அரிச்சந்திரன் கல்லுக்கு இந்தப் பக்கம் இறக்கக் கூடாது. அது சட்டம், எந்த அரசாங்கமும் போட்டதல்ல, ஆகவே அதை எல்லாரும் மதித்தார்கள்.

அந்தக் கல் ஊருக்குத் தெற்கே, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. பிரிந்த பிறகு ஒரு பாதை ஊராரின் சுடுகாட்டுக்கும் இன்னொன்று தெருவாரின் சுடுகாட்டுக்கும் போகும். செத்த பிறகும் சாதி பார்த்துப் பக்கத்தில் படுக்கச் சம்மதிக்காத சனம் அது. ஆனால் கல் பொது. கல்லுக்கு முன்னால் பாடையை இறக்காமல் நிறுத்தி, முன்னால் தூக்குகிறவன் இரண்டு கேள்வி கேட்பான். என்ன கொண்டுபோச்சு? யாரு? செத்தவரின் சொந்தம் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும், கூட வந்தவர்கள் காதில் வாங்க வேண்டும், வாங்கியவர்கள் எல்லாரும் சாட்சி. தோளில் பாரம் இல்லாமல் சும்மா வந்து பேர் சொன்னால் கல் அதைக் கேட்காது. பேர் சொல்லப்படாதவர்கள் செத்தவர்களாகவும் ஆக மாட்டார்கள், இருப்பவர்களாகவும் ஆக மாட்டார்கள், வழியில் நிற்பார்கள்.

போன ஆடியில் என்ன கொண்டுபோச்சு என்று கேட்டபோது, "காலம் வந்துருச்சு" என்று சொல்லியிருந்தாள் ராயப்பனின் மனைவி. இந்த முறை பலகை நடுவில் ஒரு பச்சைப் பொட்டுப் போலக் கிடந்த வண்டைப் பார்த்துக்கொண்டு, "ஆலைப் புழுதி," என்றாள். கூட்டம் அதைக் காதில் வாங்கியது. அன்றைக்கு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு வண்டுகள் விழுந்தபடி இருந்தன, ஊர் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. வண்டுக்குப் போர்த்தும் கோடித்துணி எவ்வளவு அகலம் என்று சண்டை வந்து, தையற்காரன் தீப்பெட்டி அளவுக்கு வெட்டித் தருவது என்று முடிவானது. இரண்டாம் தடவைக் காரியத்துக்குப் பந்தி கிடையாது, டீ மட்டும் என்று பஞ்சாயத்தில் பேசி வைத்தார்கள். ஒப்பாரிக்கு மட்டும் யாரும் அளவு வைக்கவில்லை. யார் பாரம் என்பது தூக்கிய பிறகுதான் தெரியும் என்பதால் ஊரார் தூக்கியது தெருவாருடையதாகவும், தெருவார் தூக்கியது ஊராருடையதாகவும் போய்விட்டது. தோளில் ஏறியதைக் கல்வரை இறக்கவும் முடியாது. ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் பல்லைக் கடித்துக்கொண்டு, தங்கள் களத்தில் காலம் முழுக்க நிற்க வைத்தே கூலி கொடுத்த ஆட்களைத் தோளில் சுமந்து நடந்தார்கள். அதன்பின், அடையாளம் சொல்ல வசதியாக, ஊராரில் இரண்டு பேர், தெருவாரில் இரண்டு பேர் என்று சேர்ந்தே தூக்குவது வழக்கமானது. உத்திராபதி முப்பது வருஷம் மேடை போட்டுப் பேசி நடக்காத காரியம். அதை ஒரு வண்டு செய்ததில் அவருக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

ஆலையிலிருந்தும் அரசாங்கத்திலிருந்தும் ஒரு ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். வண்டு ஒன்றை எடை பார்க்கக் கேட்டார்கள். தராசுத் தட்டில் வைத்ததும் தட்டு வளைந்து ஒடிந்தது. தராசு பழுது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

உத்திராபதி ஒரு துண்டறிக்கை போட்டார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பு முழுவதும் துண்டறிக்கையில் வந்தது, ஆகவே துண்டறிக்கையில் பொய் எழுதுகிறவனை அவரால் மன்னிக்க முடியாது. "பூச்சிக்கு மூக்கு இல்லை. விலாவில் வரிசையாகத் துளைகள் உண்டு, அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. நமக்கு அடைபட இரண்டு துவாரம் என்றால் அதற்கு அடைபட இருபது. ஆண் வண்டு பெண் வண்டை வாசனையால் தேடுகிறது. அந்த வாசனையைப் புகை காற்றிலேயே தின்றுவிடுகிறது. பக்கத்துக் கிளையில் இருக்கிற துணையைக் கண்டுபிடிக்காமல் ஒற்றையாகச் சாகிறது. இந்த மேட்டில் அழிந்தால் இது பூமியிலேயே அழிந்தது. தோழர்களே, யோசியுங்கள்." சனம் யோசித்தது. ஆனால் அவர் சொன்ன திசையில் யோசிக்கவில்லை.

தம் வீட்டுச் சாவுக்குச் சரியான பதில் சொல்ல ஒரு வண்டு வேண்டியிருக்கிறது, அந்த வண்டு செத்தால்தான் ஆகும் என்று அவர்கள் யோசித்தார்கள். பெண்கள் விறகுக்குப் போனபோது அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார்கள். ஆண்கள் மாலையில் மேட்டோரம் வந்து குந்தி, கடன்காரன் வாசலில் காத்திருப்பவர்கள் போல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் அப்பனுக்காக ஒரு மரத்தைப் பிடித்து உலுக்கினான். உத்திராபதி குடையாலேயே அவனை அடித்தார்.

"அடிங்க மாமா, அடிங்க," என்றான் அவன், தடுக்காமல். "ஒவ்வொண்ணு விழும்போதும் மொத ஆளா ஓடியாந்து யாரு யாருன்னு கேக்குறது நானா, நீங்களா?"

குடை அதற்குமேல் எழும்பவில்லை. அவன் சொன்னது உண்மை. ஒவ்வொரு முறையும் பூராசாமி நிமிரும்வரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு முறையும் பூராசாமி ஏதோ ஒரு பேரைச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பி, "கொளஞ்சி அக்கா இல்ல தோழரே," என்பான். அப்போது அவருக்கு வருகிற நிம்மதியும் ஏமாற்றமும் ஒன்றையொன்று பார்த்துக் காறித் துப்பிக்கொள்ளும்.

மரங்களைக் காப்பாற்ற இளைஞர் நற்பணி மன்றம் ஒரு காரியம் செய்தது. கோடையில், புழுதியில் வெளுத்து நின்ற மேட்டுக்காட்டுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, பாட்டுப் போட்டு, மரம் மரமாகக் குளிப்பாட்டினார்கள். மாரியம்மன் திருவிழா மாதிரி இருந்தது. ஊரே ஈரத்தில் ஆடியது. மறுநாள் வெயில் ஏறியபோது இலைகள் அசையவில்லை. இலையில் படிந்திருந்தது மண்ணல்ல, சிமெண்ட். அந்த ஊரில் கொத்தனார் வேலைக்குப் போகாத ஆண்பிள்ளை ஒருவனும் இல்லை, அதில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் மறந்திருந்தார்கள். ஒவ்வொரு இலையும் ஓடாகியிருந்தது. தளிருக்குள் இருந்த வண்டுகள் பூசிய சுவருக்குள் இருந்தன. அந்த வாரம் முழுக்கப் பலகைகள் போதவில்லை. கதவுகளைக் கழற்றித் தூக்கினார்கள். கல்லுக்கு முன்னால் பேர் சொல்லிச் சொல்லி ஊருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அந்த வாரத்துக்குப் பிறகு, குவாரிப் பள்ளத்தின் விளிம்பில், வேரில் பாதி அந்தரத்தில் தொங்க, ஒரே ஒரு உசிலை மரம் மிஞ்சியது. அதில் ஒரே ஒரு வண்டு. ஊரில் பேர் சொல்லப்படாத சாவு இரண்டு.

ஒன்று கொளஞ்சி. இன்னொன்று தனவேல். தனவேல் உத்திராபதிக்குப் பங்காளி, சித்தப்பா மாரிமுத்துவின் மகன், ஆலை வாசலில் மேற்பார்வை பார்த்தவன். மறியலுக்குப் பிறகு யார் யார் நின்றார்கள் என்று போலீசுக்குச் சொன்னது அவன்தான். உத்திராபதி சிறையிலிருந்து திரும்பியபோது அவனும் அதே இருமலில் படுத்திருந்தான். வாசலில் நின்றவனுக்குப் புழுதி சலுகை காட்டவில்லை. அவன் செத்த அன்று, காட்டிக்கொடுத்தவனை இந்த ஊர்த் தோள் தூக்காது என்று உத்திராபதி சொன்னார். ஊர் கேட்டது. ஆலை டிராக்டரில் ஏற்றிக் குவாரி ஓரத்தில் புதைத்தார்கள். கல் இருக்கும் பக்கம் டிராக்டர் போகவே இல்லை.

அந்தக் கடைசி மரத்தடிக்கு உத்திராபதி போனபோது தனவேலின் மனைவி பட்டத்தாள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். மடியில் பழந்துணி. எட்டிய இலைகளை ஒவ்வொன்றாக உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி," என்றார்.

"ஏன் மாமா, இதுவும் உங்க சங்கத்து மரமா?"

"வண்டு எப்பச் சாகும்னு பாக்க வந்திருக்க."

"நீங்க அதுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க வந்தீங்களாக்கும்," என்றாள். "அந்தாண்ட கெளை உசரமா இருக்கு. எனக்கு எட்டல. நின்னு பேசுற நேரத்துக்கு அதைத் தொடைங்க."

அவர் துடைத்தார். அன்றிலிருந்து இருவரும் தினமும் வந்து துடைத்தார்கள். அவள் தாழ்ந்த கிளைகளை, அவர் உயர்ந்த கிளைகளை. துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் முதலில் துடைத்தது மறுபடி வெளுத்திருக்கும். வண்டு ஒரு தளிரிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும். அது நடக்கிறதா என்று இருவரும் பார்ப்பார்கள். நடந்தால் இருவரும் பெருமூச்சு விடுவார்கள், அந்தப் பெருமூச்சுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் அவள் இரண்டு பேருக்குமாகக் கூழ் கொண்டுவர ஆரம்பித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தார்.

"கொளஞ்சி அக்கா எனக்குப் பிரசவம் பாத்தவ," என்றாள் ஒரு நாள், இலையைப் பார்த்தபடி. "அவளுக்கு வந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா எம் புருஷனுக்கு வந்துச்சுன்னா?"

"காட்டிக்கொடுத்தவனுக்கு வராது."

"புழுதி வந்துச்சே மாமா. பாரம் வராதா?"

அவரிடம் எந்தக் கேள்விக்கும் ஒரு துண்டறிக்கை உண்டு. அவர் எட்டி அடுத்த கிளையைப் பிடித்துத் துடைத்தார்.

குவாரியில் நடுப்பகல் வெடி வைத்தார்கள். பள்ளத்திலிருந்து எழும்பிய வெள்ளைத் திரை மரத்தை மூடி, துடைத்த இலை துடைக்காத இலை என்ற வித்தியாசம் இல்லாமல் செய்துவிட்டு, மெல்ல இறங்கியது. இருவரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்தார்கள். வண்டு ஒரு தளிரின் நுனியில் நின்று, பொத்திக்கொள்ள முடியாத இருபது துவாரங்களோடு, ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை வைக்கவில்லை. அடுத்த கணம் கிளை முறிந்தது. பச்சைக் கிளை, ஆள் தொங்கினாலும் தாங்கும் கிளை, அடியோடு முறிந்து இருவருக்கும் நடுவில் விழுந்தது, விழுந்த இடம் ஆளளவுக்குக் குழிந்தது.

உலகத்தில் அந்த வண்டு இனமே முடிந்துபோனது. அதற்கு ஒரு நிமிஷம் அழ வேண்டும் என்று உத்திராபதிக்குத் தோன்றியது. அதற்குள் அவர் வாய், "பூராசாமியக் கூப்பிடு," என்று கத்திவிட்டது.

ஊரே வந்தது. நான்கு பேர் தூக்கி நிமிர்ந்தார்கள். பூராசாமி தோளை மாற்றினான், மறுபடி மாற்றினான்.

"தெரியல தோழரே. நாங்க தூக்குன பாரம் இல்ல இது. ரெண்டு பேருல ஒருத்தர், ரெண்டு பேரையும் நாங்க தூக்கலையே."

கூட்டம் உத்திராபதியைப் பார்த்தது. பார்த்த பார்வையில் அவர்கள் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. "இதுல என்ன யோசனை?" என்றான் சாமிதுரை. "அண்ணிதான். கடைசியா வந்துருச்சு. நடங்க, போயிச் சொல்லிருவோம்."

கூட்டம் பலகையோடு கல்வரை நடந்தது. கல்லுக்கு முன்னால் நின்றதும் பட்டத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். சண்டை போடுவாள் என்றும் எதிர்பார்த்தார்கள்.

"கொளஞ்சி அக்காவக் கடைசிக் காலத்துல தூக்கித் தூக்கி வாசல்ல உக்கார வச்சது அவருதான்," என்றாள். "அவ பாரம் அவருக்குத் தெரியும். அவரையே தோள் குடுக்கச் சொல்லுங்க. அவரு என்ன சொல்றாரோ அதான். ஆயுசு பூரா அடுத்தவன் பொய்யத் தெருத்தெருவாப் படிச்சுக் காட்டுன மனுஷன். இன்னைக்கு அவரு சொல்லட்டும், நாம கேப்போம்."

பூராசாமி விலகினான். உத்திராபதி துண்டை மடித்துத் தோளில் வைத்து, பலகைக்கு அடியில் நுழைந்தார்.

கொளஞ்சியை முதலில் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது; மழைக்காலம் முடிந்தபோது ஒரு கையே போதும் என்று ஆனது; போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போன காலையில், கட்டிலிலிருந்து வாசலுக்கு அவளைக் கொண்டுபோனபோது, தூக்கியிருக்கிறோமா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அவள் விலா எலும்பு அவர் நெஞ்சில் விறகுக் கட்டு மாதிரி உரசியது. தோளில் இப்போது இறங்கியது அவர் முழங்காலை மடக்கியது. நன்றாகச் சாப்பிட்டு, நின்றே வேலை பார்த்து, படுத்த பிறகும் சதை வற்ற நேரம் இல்லாமல் செத்த ஓர் ஆண்பிள்ளையின் பாரம். நோய்க்கு முந்திய கொளஞ்சியாக இருக்கக் கூடாதா என்று அவர் மனசு ஒரு சந்து தேடியது. செத்தபோது இருந்த பாரம்தான் இதுவரை எல்லா வண்டிலும் வந்தது, அது அவருக்குத் தெரியும். இனிமேல் வண்டு இல்லை. கொளஞ்சிக்கு இனி ஒருநாளும் தோள் கிடையாது. அவள் அந்த நகரத்து மண்ணுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில், தார்ச்சாலை ஓரத்தில், பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவள் போல நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

"சொல்லிருங்க மாமா," என்று குடையடி வாங்கியவன் பின்னாலிருந்து தணிந்த குரலில் சொன்னான். "அத்தை பேரச் சொல்லுங்க. எங்க யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. கல்லுக்கு என்ன தெரியப்போகுது?"

பட்டத்தாள் கையிலிருந்த பழந்துணியை மடித்துக்கொண்டிருந்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

கொளஞ்சியைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒருவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இயற்கை மரணம் என்று எழுதியிருந்தான். அவன் கை எப்படி இருந்திருக்கும் என்று உத்திராபதி பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். ரொம்பச் சாதாரணமான கையாகத்தான் இருந்திருக்கும்.

பூராசாமி கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேட்டான்.

"என்ன கொண்டுபோச்சு?"

"ஆலைப் புழுதி," என்றார். கூட்டம் அதைக் காதில் வாங்கியது.

"யாரு?"

உத்திராபதி வாயைத் திறந்தார். இருமல்தான் முதலில் வந்தது. பாரத்தை இறக்காமல் இருமி முடித்து, கல்லைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்து, மறியலில் கத்திய அதே குரலில், ஊராருக்கும் தெருவாருக்கும் கடைசி ஆள்வரை கேட்கும்படி சொன்னார்:

"தனவேல். மாரிமுத்து மகன் தனவேல்."